ஒரு மருத்துவ நூலும் பத்துக் குற்றங்களும்

நூலுக்கு வரக்கூடிய குற்றங்கள் பத்து என்று நன்னூல் வகுத்துரைக்கிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் எனத் தொடங்கி, நின்றுபயனின்மை ஈறாக அவை செல்லும். தமிழாசிரியர் யாவரும் இப்பத்தையும் மாணவர்க்கு நெட்டுருச் செய்வித்திருப்பர். ஆனால் நூலின் குற்றம் மனித உயிரையும் பலிகொள்ளக் கூடும் என்று வகுப்பறையில் எண்ணிப் பார்ப்பவர் சிலரே. உரைத்த பொருளின் உயிர்நிலை மெய்யாக இருந்தும், உரைத்த முறை பழுதுபட்டதால், உலகம் செவிசாய்க்காது விட்ட நூல்கள் உண்டு. அவற்றுள் தலையாயது, இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரிய மருத்துவர் ஜெர்மன் மொழியில் எழுதி, 1861 என்னும் ஆண்டுக் குறியுடன் வெளிவந்த ‘பேறுகாலக் காய்ச்சலின் காரணமும் கருத்தும் தடுப்பும்’ என்னும் பெருநூல்.

அந்நூலாசிரியரைப் பற்றி வழங்கும் கதையைப் பலரும் கேட்டிருப்பர். கை கழுவுங்கள் என்று ஒரு மருத்துவர் சொன்னார். உலகம் அவரை எள்ளி நகையாடியது. அவர் பித்தராகி இறந்தார் என்று கதை முடியும். கதை உருக்கமானதே. ஆயினும் அது நூலைப் படியாதவர் சொல்லும் கதை. நூலை எடுத்துப் பார்ப்பவர்க்குப் பழி ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை என்பது புலப்படும். எழுதியவர் செய்த பிழை யாது, படித்தவர் செய்த பிழை யாது, இரண்டில் பெரியது எது என்பதை ஆராய்வது இன்றைக்கும் பயன் தரும்.

இரு பிரிவுகள்

வியன்னா நகரின் பொது மருத்துவமனை 1784ஆம் ஆண்டில் இரண்டாம் ஜோசப் பேரரசர் காலத்தில் திறக்கப்பெற்றது. அங்கே பிள்ளைப்பேற்றுக்கு இலவசப் பிரிவுகள் இருந்தன. அவற்றை நாடி வந்தவர் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். மணமாகாமலே தாயாக நேர்ந்தவர் பலர். கட்டணம் இல்லை. பிறந்த குழந்தையை அநாதை இல்லம் ஏற்றுக்கொள்ளும். இவற்றுக்குக் கைம்மாறாக அப்பெண்கள், பயிலும் மாணவர் தம் கைகளால் சோதித்துக் கற்பதற்கு உடன்படவேண்டும்.

1840ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து முதற்பிரிவு மருத்துவ மாணவர்க்கும், இரண்டாம் பிரிவு மருத்துவச்சிப் பயிற்சி பெறும் பெண்களுக்கும் என ஒதுக்கப்பட்டது. எந்தப் பெண் எந்தப் பிரிவுக்குச் செல்வாள் என்பதை அவள் வந்து சேர்ந்த நாளே முடிவு செய்தது. ஒரு நாள் சேர்க்கை முதற்பிரிவில் நடந்தால் அடுத்த நாள் சேர்க்கை இரண்டாவதில் நடக்கும். ஆகவே இரு பிரிவுப் பெண்களுக்கும் வறுமையிலோ வயதிலோ உடல்நலத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்க இடமில்லை.

ஆயினும் சாவில் வேறுபாடு இருந்தது. 1841 முதல் 1846 வரை ஆறாண்டுகளில் முதற்பிரிவில் 20,042 பிள்ளைப்பேறுகள் நிகழ்ந்தன. 1,989 தாய்மார் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 17,791 பேறுகள். இறந்தவர் 691 பேர். முன்னதில் 100க்கு ஏறத்தாழப் பத்துப் பேர். பின்னதில் 100க்கு நால்வரும் இல்லை. 1846ஆம் ஆண்டை மட்டும் தனியே நோக்கினால் இடைவெளி இன்னும் பெரிது. முதற்பிரிவில் 4,010 பேருக்கு 459 பேரும், இரண்டாம் பிரிவில் 3,754 பேருக்கு 105 பேரும் மாண்டனர்.

இவ்வேறுபாட்டை மருத்துவர்களுக்கு முன்பே அப்பெண்கள் அறிந்திருந்தனர். முதற்பிரிவில் சேர்க்கப்பட்டோம் என்று தெரிந்ததும் மண்டியிட்டுக் கைகூப்பி, மற்றப் பிரிவுக்குப் போகவிடுமாறு அவர்கள் இறைஞ்சியதை நூலாசிரியரே எழுதியிருக்கிறார். மருத்துவமனையை அடையுமுன் தெருவிலேயே பிள்ளை பெற்று வந்தவர்களும் பலர். அவர்களை இக்காய்ச்சல் அரிதாகவே பற்றியது. பேராசிரியர் மேற்பார்வையில் பெற்றவளைவிடத் தெருவோரத்தில் பெற்றவள் நலமாக இருந்தாள் என்றால், அம்மருத்துவமனையின் நிலையை என்னென்று சொல்வது!

நூலின் வலிமை

நூலின் முற்பகுதி ஆராய்ச்சி நெறிக்கு ஒரு நல்ல பாடம். அக்காலத்தார் கூறிவந்த காரணங்களை நூலாசிரியர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார். காற்றில் பரவும் நச்சே காரணம் என்றால், ஒரே கூரையின்கீழ் உள்ள மற்றப் பிரிவை அக்காற்று ஏன் தீண்டவில்லை? நெரிசல் காரணம் என்றால், பெண்கள் விரும்பி நாடிய இரண்டாம் பிரிவிலன்றோ நெரிசல் மிகுதி? இறுதிச் சடங்குக்கு வரும் பாதிரியாரின் மணியோசை அச்சமூட்டியது காரணமோ என்று அதையும் நிறுத்திப் பார்த்தார். பெண்ணைப் படுக்கவைக்கும் முறையையும் மாற்றிப் பார்த்தார். எதனாலும் சாவு குறையவில்லை. ‘இரு பிரிவுக்கும் பொதுவானது வேறுபாட்டுக்குக் காரணம் ஆகாது’ என்னும் ஒரே அளவுகோலை இறுதிவரை விடாது பிடித்திருக்கிறார்.

விடை 1847 மார்ச்சில் ஒரு நண்பரின் சாவு வழியாக வந்தது. கொலெட்ச்கா என்னும் பேராசிரியர் பிணக்கூறாய்வு செய்துகொண்டிருந்தபோது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டது. சில நாளில் அவர் இறந்தார். அவர் உடலில் கண்டவற்றை எழுதிய குறிப்பைச் செம்மல்வைஸ் படித்தார். நிணநாளங்களில் அழற்சி, இரத்த நாளங்களில் அழற்சி, நுரையீரல் உறையில் அழற்சி, வயிற்றறை உறையில் அழற்சி, மூளை உறையில் அழற்சி. பேறுகாலக் காய்ச்சலில் இறந்த பெண்களின் உடலிலும் இவையே காணப்பட்டன.

அழற்சியின் அடையாளங்கள் சிவத்தல், வீங்கல், வெப்பம், வலி என நான்கு என்பதை உரோமானிய ஆசிரியர் செல்சஸ் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். உடல் தன்னைக் காத்துக்கொள்ள நடத்தும் போரே அது. முள் தைத்த இடத்தில் நின்றுவிட்டால் அதனால் நன்மையே. நச்சு குருதியில் புகுந்து உடல் முழுதும் பரவினால், காவலன் கையிலுள்ள வாள் காக்க வேண்டியவரையே வெட்டுவதுபோல, உடலின் எதிர்ப்பே உறுப்புகளை அழிக்கத் தொடங்கும். குருதி நச்சேற்றத்தை இன்றைய மருத்துவம் இவ்வாறே விளக்குகிறது. செம்மல்வைஸ் காலத்தவர்க்கு இவ்விளக்கம் கிட்டவில்லை. அழற்சி கண்ட உறுப்புகளைத் தனித்தனியே பெயரிட்டு வந்தனர்; அவற்றைப் பிணைக்கும் கயிற்றைக் காணவில்லை. ஆணாகிய பேராசிரியரும் பிள்ளை பெற்ற தாயும் ஒரே நோயால் இறந்தனர் என்று காணத் துணிந்ததே செம்மல்வைஸின் அறிவுப் பெருமை. பேராசிரியருக்குக் கத்தி கொணர்ந்ததைத் தாய்மார்க்கு மாணவர் கைகள் கொணர்ந்தன. மாணவர் காலையில் பிணத்தை அறுத்துவிட்டு, அதே கைகளோடு பேறுகாலப் பெண்களைச் சோதித்தனர். மருத்துவச்சிகளுக்குப் பிணக்கூறாய்வு பாடமில்லை.

1847 மே மாத நடுவிலிருந்து, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவிய பின்னரே பெண்களைத் தொடவேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் 100க்கு 18 ஆக இருந்த சாவு ஜூலையில் 100க்கு 1 என்ற அளவுக்கு இறங்கியது. 1848ஆம் ஆண்டு முழுவதிலும் முதற்பிரிவில் 3,556 பேருக்கு 45 பேரும், இரண்டாம் பிரிவில் 3,319 பேருக்கு 43 பேரும் இறந்தனர். இரு பிரிவுகளும் சமமாயின.

1847 அக்டோபரில் மற்றொன்றும் வெளிப்பட்டது. கருப்பையில் அழுகிய புற்று உடைய பெண் ஒருத்தி முதற்பிரிவில் இருந்தாள். அவளைச் சோதித்த கைகள் அடுத்தடுத்துச் சோதித்த பன்னிரு பெண்களில் பதினொருவர் மாண்டனர். பிணத்தைத் தொட்ட கை மட்டுமன்று, நோயுற்ற உயிருடம்பைத் தொட்ட கையும் நஞ்சு சுமக்கும் என்பது அதனால் விளங்கியது. அதன்பின் ஒருவரைத் தொட்டு மற்றவரைத் தொடுமுன்பும் கழுவவேண்டும் என்று விதி விரிந்தது.

இந்நூலில் மறக்கவொண்ணாத இடம் ஒன்று உண்டு. பிணக்கூறாய்வில் தமக்கிருந்த ஆர்வத்தால், தம் கைகளாலேயே எத்தனை பெண்களைக் காலத்துக்கு முன் கல்லறைக்கு அனுப்பினோம் என்பது கடவுளுக்கே வெளிச்சம் என்னும் பொருள்பட ஆசிரியர் எழுதுகிறார். தம் குற்றத்தைத் தாமே முதலில் ஒப்புக்கொண்டவர் சொல்லுக்கு ஒரு தனி எடை உண்டு.

நூலின் குறைகள்

இனிக் குறைகளைக் காண்போம். நன்னூலார் பட்டியலில் இல்லாத குற்றம் ஒன்றை முதற்கண் சொல்லவேண்டும். அது காலந்தாழ்த்தல். 1847இல் கண்ட உண்மையை ஆசிரியர் தம் கையால் அப்போதே எழுதவில்லை. நண்பர் ஹெப்ரா 1847இன் இறுதியிலும் 1848இலும் மருத்துவ இதழில் அறிவித்தார். பேராசிரியர் ஸ்கோடா 1849இல் அறிவியற் கழகத்தில் எடுத்துரைத்தார். அவரை யாவரும் கைவிட்டனர் என்னும் கதை மெய்யன்று என்பதற்கு இவர்களே சான்று. ஆசிரியர் 1850இல் வியன்னா மருத்துவர் கழகத்தில் உரையாற்றிவிட்டு, அவ்வாண்டிலேயே திடீரென நகரைவிட்டுத் தம் நாட்டுப் பெஸ்ட் நகருக்குச் சென்றார். அங்கும் தம் முறையால் சாவைக் குறைத்தார். ஆனால் நூல் வெளிவரப் பதின்மூன்று ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. இடைக்காலத்தில் அவர் கருத்தைப் பிறர்வாய்க் கேட்டவர்கள் அரைகுறையாகவே அறிந்தனர். பிணநஞ்சு ஒன்றே காரணம் என்று அவர் சொன்னதாக எண்ணிப் பலர் மறுத்தனர். பிணமே அறுக்காத ஊரிலும் காய்ச்சல் உண்டே என்றனர். அக்டோபர் மாதப் பாடத்தை அவர்கள் அறியவில்லை. அறிவிக்க வேண்டியவர் எழுதவில்லை.

அடுத்தது கூறியது கூறல். நூல் 500 பக்கங்களுக்கு மேற்பட்டது. ஒரே கருத்து ஓரிடத்தில் வாதமாகவும், பிறிதோரிடத்தில் புள்ளிக்கணக்காகவும், மற்றோரிடத்தில் மறுப்பாகவும் திரும்பத் திரும்ப வருகிறது. 1983இல் இதனை ஆங்கிலத்தில் பெயர்த்த கோடெல் கார்ட்டர் சுருக்கியே தந்தார் என்பது கருதத்தக்கது.

மூன்றாவது மற்றொன்று விரித்தல். நூலின் பிற்பகுதி எதிர்த்தவர்க்கு விடையிறுக்கும் பகுதி. அவரவர் எழுதியவற்றை நெடுக எடுத்தெழுதி வரிவரியாக மறுக்கிறார். நோயின் காரணத்தை அறிய வந்த படிப்பாளி, வழக்குமன்றத்தில் புகுந்தவன்போல் திகைக்கிறான். நூலுக்குப் பின் 1861, 1862ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட திறந்த மடல்களில் இச்சினம் கரையுடைத்தது. ஸ்கான்சோனி முதலிய பேராசிரியர்களைக் கொலைகாரர் என்றே பழித்தார். ஏசப்பட்டவன் ஏசியவனின் கணக்கைச் சரிபார்க்க அமர்வதில்லை.

நான்காவது மிகைபடக் கூறல். அழுகிய உயிர்ப்பொருளே விதிவிலக்கின்றி எல்லாப் பேறுகாலக் காய்ச்சலுக்கும் காரணம் என்றார். வெளியிலிருந்து வந்ததாகக் காட்ட இயலாதபோது, நோயாளியின் உடலிலேயே அது தோன்றியது என்றார். எந்த நிகழ்ச்சியையும் அடக்கும்படி கருத்தை விரித்தால், எந்த நிகழ்ச்சியாலும் அதைச் சோதிக்க இயலாமற் போகும். நுண்ணுயிர் பற்றிய தெளிவு அப்போது இல்லை; பேறுகாலக் காய்ச்சலில் சங்கிலிபோல் தொடரும் நுண்ணுயிரைப் பஸ்தேர் எடுத்துக்காட்டியது 1879இல்தான். ஆகவே இக்குறையில் பாதி காலத்தின் குறை.

முன்னும் பின்னும்

முறைமையோடு எழுதியிருந்தால் மட்டும் உலகம் ஏற்றிருக்குமோ? இதற்கு விடை காண, அதே பொருள்பற்றி முன்பு வந்த இரு நூல்களை ஒப்புநோக்க வேண்டும்.

ஸ்காத்லாந்தின் அபர்தீன் நகர மருத்துவர் அலெக்சாந்தர் கோர்டன் 1795இலேயே ஒரு சிறுநூல் வெளியிட்டார். நோயுற்ற 77 பெண்களை அட்டவணைப்படுத்தினார். அவர்களில் 28 பேர் இறந்தனர். ஒவ்வொருவருக்கும் துணைநின்ற மருத்துவச்சி யார், மருத்துவர் யார் என்பதையும் குறித்தார். நோய் காற்றில் வரவில்லை, கவனிக்க வந்தவரோடு வந்தது என்று காட்டினார். தாமும் சுமந்து சென்றதை மறைக்கவில்லை. நூல் சுருக்கமானது, தெளிவானது. ஆயினும் ஊரார் வெறுப்பே அவருக்குக் கிடைத்தது. அவர் ஊரைவிட்டுக் கடற்படைக்குச் சென்றார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1843இல் இதே உண்மையை எழுதினார். அவர் மருத்துவர் மட்டுமல்லர், சிறந்த எழுத்தாளர். நடையில் குறை சொல்ல எவராலும் இயலாது. அவரையும் புகழ்பெற்ற பேராசிரியர் இருவர் மறுத்தனர். ஆகவே நடையின் பழுது ஒன்றே காரணம் என்று முடிவுகட்ட இயலாது.

பின்வந்த ஜோசப் லிஸ்டரின் நிலை வேறு. செம்மல்வைஸ் வியன்னாவுக்கு அருகே மனநோய் விடுதியில், காயம் சீழ்பிடித்து, 1865 ஆகஸ்டு 13ஆம் நாள் 47 வயதில் இறந்தார். அதற்கு முந்தைய நாள் கிளாஸ்கோ நகரில், எலும்பு முறிந்து தோலைக் கிழித்த ஒரு சிறுவனின் காலுக்குக் கார்பாலிக் அமிலம் நனைத்த துணியை லிஸ்டர் கட்டினார். 1867இல் ‘லான்செட்’ இதழில் 11 நோயாளிகளின் செய்தியைத் தந்தார். ஒருவர் இறந்தார், ஒருவர் காலை இழந்தார், ஒன்பதின்மர் நலமுற்றனர். பின்னர் உறுப்பு வெட்டும் அறுவைகளின் கணக்கையும் தந்தார். முன்பு 35 பேரில் 16 பேர் இறந்தனர்; புதிய முறையில் 40 பேரில் 6 பேரே இறந்தனர். லிஸ்டர் எவரையும் ஏசவில்லை. பஸ்தேரின் நுண்ணுயிர் ஆராய்ச்சி அவருக்கு ஊன்றுகோலாயிற்று. மேலும், அவர் சொன்னதில் பழி காற்றிலுள்ள நுண்ணுயிர்க்குச் சென்றது. செம்மல்வைஸ் சொன்னதிலோ பழி மருத்துவர் கையிலேயே தங்கியது. இன்னா உண்மையைக் கேட்பவன், அதைச் சொன்னவன் நடையில் குற்றம் காண விரைவது உலகியல்பு.

ஏற்றவர்க்கும் அவ்வுண்மை எளிதாக இல்லை. கீல் நகரப் பேராசிரியர் மிக்கேலிஸ், செய்தி கிட்டியதும் கைகழுவும் முறையை மேற்கொண்டார். தாம் கவனித்த உறவுப்பெண் ஒருத்தி இக்காய்ச்சலில் இறந்திருந்தாள். அவள் சாவுக்குத் தம் கையே காரணம் என்னும் துயரைத் தாங்காது 1848இல் உயிர்நீத்தார். நூலைச் சரியாகப் படித்தல் என்பது எவ்வளவு கடினமானது என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

நூல் காணாத இடம்

இன்னொன்றும் சொல்ல வேண்டியுள்ளது. இரு பிரிவுப் பெண்களும் ஒரே வகையான ஏழைகள். ஆகவே வறுமை இவ்வேறுபாட்டுக்குக் காரணமன்று என்று செம்மல்வைஸ் தள்ளியது முற்றும் சரி. ஆனால் தள்ளியபின் அதை மீண்டும் எடுத்துப் பார்க்கவில்லை. அக்காலத்துச் செல்வர் வீட்டுப் பெண்கள் தம் வீட்டிலேயே பிள்ளை பெற்றனர். மாணவர் கை பழகியது ஏழைப் பெண்ணின் உடலில். பத்தில் ஒருத்தி இறக்கும் பிரிவு ஆண்டுக்கணக்காகத் திறந்திருந்ததற்கு, இறந்தவர் யார் என்பதே பெருங்காரணம். அமைச்சர் மகளோ பேராசிரியர் மனைவியோ அங்கே படுத்திருந்தால், இரு பிரிவுக் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்க 1847 வரை காத்திருந்திருப்பரோ? வறுமை நோயின் காரணமன்று. அந்நோயை ஊர் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுவே. இவ்விடத்தில் நூல் குன்றக் கூறுகிறது.

இக்குறை ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று. இன்றும் இரு பிரிவுகள் உள்ளன. ஒரே கூரையின்கீழ் இல்லாமையால் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2018இல் ‘லான்செட்’ குழும இதழொன்றில் 66 நாடுகளில் வயிற்று அறுவை பெற்ற 12,539 பேர்பற்றிய ஆய்வு வெளிவந்தது. அறுவைப் புண்ணில் கிருமி தொற்றியவர், வளர்ச்சி மிக்க நாடுகளில் 100க்கு 9.4, நடுத்தர நாடுகளில் 14, வளர்ச்சி குன்றிய நாடுகளில் 23.2. வியன்னாவின் ஆறாண்டுக் கணக்கைப் போலவே இதிலும் ஒரு பக்கம் மறுபக்கத்தின் இரண்டரை மடங்கு.

இதற்கும் எளிய வழிகள் இல்லாமல் இல்லை. வயிற்றைத் தைத்து மூடுமுன் கையுறைகளையும் கருவிகளையும் புதிதாக மாற்றினால் என்னவாகும் என்று, இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் 13,000க்கு மேற்பட்ட நோயாளரிடம் ஆராய்ந்து 2022இல் முடிவை வெளியிட்டனர். தொற்று 100க்கு 18.9இலிருந்து 16 ஆகக் குறைந்தது. அரிய மருந்தன்று, பெரிய பொறியுமன்று. கை தொடுமுன் தூய்மை வேண்டும் என்னும் 1847ஆம் ஆண்டுப் பாடமே மறுபடியும் எண்ணிக்கையோடு வந்திருக்கிறது.

முடிவு

செம்மல்வைஸ் நூலில் நன்னூலார் சொன்ன குற்றங்கள் சில உண்டு. காலந்தாழ்த்தலும் சினமும் அவற்றோடு சேர்ந்தன. அவற்றுக்காக அவரைக் குறைகூறலாம், கூறத்தான் வேண்டும். உண்மையைக் கண்டவன் அதைப் பிறர் ஏற்கும்படி சொல்லவும் கடமைப்பட்டவன். ஆயினும் நூலின் நடையை வெறுத்தவர்க்கும் அதன் அட்டவணை திறந்தே இருந்தது. அதில் கூறியது கூறல் இல்லை, ஏச்சும் இல்லை. சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் என்னும் அழகுகள் இரண்டும் அதில் உள்ளன. இரு வரிசை எண்களை ஒப்பிட்டு, ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்பதற்கு ஆசிரியரின் இனிய நடை வேண்டியதில்லை. கேளாதவர் பிழையே பெரிது.

எழுதுவோர்க்குரிய குற்றங்களை இலக்கணம் எண்ணிவைத்திருக்கிறது. படிப்போர்க்குரிய குற்றங்களையும் ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொல்லித்தரல் நன்று. அவற்றுள் முதலாவதாக, சொன்னவன் கடிந்து சொன்னான் என்பதற்காகச் சொன்ன பொருளைத் தள்ளுதலை வைக்கலாம். இரண்டாவதாக, இறந்தவர் ஏழையர் என்பதால் அவர்தம் கணக்கைப் படியாது விடுதலை வைக்கலாம். பத்துக் குற்றங்களில் இறுதியான நின்றுபயனின்மை இந்நூலுக்கு இல்லை. ஒரு மருத்துவர் ஒரு நோயாளியைத் தொட்டபின் மற்றொருவரைத் தொடுமுன் கைகழுவும்போதெல்லாம் அதன் பயன் நின்று விளங்குகிறது.